பனிக்குடம் உடைந்தது எனக்குத் தெரியவில்லை

என் மகனுக்கு இப்போது மூன்று வயது நடக்கிறது. போன வாரம் எங்கள் தெருவில் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும் பெண் ஒருத்தி வந்து, "அக்கா, உன் புள்ளைக்கு இன்னாதான் ஆச்சு? யாரும் சரியா சொல்ல மாட்டேங்கறாங்க" என்று கேட்டாள். "பொறக்கும்போது மூச்சுத் திணறல்" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அந்த மூன்று வார்த்தைக்குப் பின்னால் இருப்பதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. எழுதினால் வருகிறதா பார்க்கிறேன். படிக்கிறவர்கள் முகம் சுளித்தால் நான் பார்க்கப் போவதில்லை, அது ஒரு வசதி.

நான் பென்னலூர்க்காரி. பன்னிரண்டாவது முடித்ததும் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். காருக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டாகச் சேர்க்கும் வேலை. பலகை நகர்ந்துகொண்டே வரும். நின்றபடியே கிளிப் மாட்டி, டேப் சுற்றி, அடுத்தவளுக்கு விட வேண்டும். ஒருத்தி இடத்தை விட்டு நகர்ந்தால் லைன் நின்றுவிடும். லைன் நின்றால் சிவப்பு விளக்கு எரியும், எங்கிருந்தோ மேனேஜர் வந்துவிடுவார். அதனால் ஒரு லைனுக்கு ஒரே ஒரு அட்டை வைத்திருந்தார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவள்தான் பாத்ரூம் போகலாம். அவள் திரும்பி வந்து கழற்றினால்தான் அடுத்தவளுக்கு. அட்டையைக் கொடுப்பதும் மறுப்பதும் லைன் லீடர் கையில்.

எங்கள் லைன் லீடர் பெயர் செல்வராஜ். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, படப்பையில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். பின்னால் அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. கத்த மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். அட்டை கேட்கிற பெண்ணிடம், "இப்பத்தான போன? வீட்ல இருந்து கெணத்தக் குடிச்சிட்டா வந்த?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். பக்கத்து லைன் ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் அன்றைக்குக் கேட்க மாட்டாள். நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஷிஃப்ட் முடியும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவேன். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் மனதைச் சொன்ன அன்று, "என் லைன்லயே நீ ஒருத்திதான் அட்ட கேட்டதே இல்ல. அதுலதான் ஒன்ன கவனிச்சேன்" என்றார். எனக்கு மெடல் குத்திவிட்ட மாதிரி பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இன்றைக்கு அதிகமாகக் கூசுகிறது.

இரண்டு வருடம் அடக்கி அடக்கி, கடைசியில் அடங்காமல் போனது. தும்மினால், சிரித்தால், கனமான பெட்டியைத் தூக்கினால் ஒழுகும். துணி மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். என்னைப் போல இன்னும் எத்தனையோ பேர் அங்கே இருந்திருப்பார்கள். மாதவிலக்கைப் பற்றிக்கூட வாய் ஓயாமல் பேசிய நாங்கள் இதை மட்டும் பேசியதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு என்னை வேறு லைனுக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஒரே அட்டைதான். மாசமாக இருந்தபோது நீர்க்கடுப்பு வந்தது. கம்பெனி முதலுதவி அறையில் மாத்திரை கொடுத்து, தண்ணீர் நிறையக் குடி என்றார்கள். மாத்திரையைப் பாதியில் விட்டேன், தண்ணீரைக் குடிக்கவே இல்லை. புருஷனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தும் அவர், "இன்னைக்கு லைன் ஒரு நிமிசம் நிக்கல தெரியுமா" என்று சொல்லிச் சந்தோஷப்படுகிற ஆள். அவரிடம் போய் எதைச் சொல்வது?

எட்டாம் மாதம் முடிந்ததும் வேலையை விட்டு அம்மா வீட்டுக்கு வந்தேன். பிரசவத் தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. ஒருநாள் காலையில் எழுந்தபோது பாவாடை நனைந்திருந்தது. வழக்கமானதுதான் என்று நினைத்தேன். அன்று முழுக்க ஒழுகியது. துணியை மாற்றி மாற்றி வைத்தேன். அம்மா குழாயடிக்குப் போன நேரத்தில் அலசி, புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டேன். மறுநாளும் அப்படியே. உடம்பு கொஞ்சம் சுட்டது, வெயில் என்று விட்டுவிட்டேன். அம்மா ஒருமுறை, "இன்னாடி சும்மா சும்மா பொடவைய மாத்திக்கினே கீற?" என்று கேட்டாள். "வேர்வை நாத்தம்மா" என்றேன்.

சாயங்காலம் வலி எடுத்தது. ஷேர் ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஊர் நர்சிங் ஹோமுக்குப் போனோம். அங்கே இருந்த வயதான நர்ஸ் என்னைப் பரிசோதித்துவிட்டு முகம் மாறினார். நீர் பச்சையாக வந்துகொண்டிருந்தது. உள்ளே பிள்ளைக்குச் சிரமம் வந்தால் வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிடுமாம், அந்தப் பச்சைதான் அது. டாக்டரைக் கூப்பிட்டு, அவர் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை பிறந்தது. சத்தமே இல்லை. பிரசவம் பார்த்த அறையில் ஒரு சத்தமும் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தேன். நர்ஸ் பிள்ளை முகத்தில் ஒரு ரப்பர் மூடியை அழுத்திப் பிடித்து, கையால் ஒரு பையைப் பிசைந்துகொண்டிருந்தார். பிள்ளை நீலமாக, துவண்டு கிடந்தது. ரொம்ப நேரம் கழித்து முனகல் மாதிரி ஒன்று கேட்டது. உடனே வேன் வைத்துச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த நர்ஸும் வேனில் ஏறி, வழியெல்லாம் பையைப் பிசைந்துகொண்டே போனதாக அம்மா சொன்னாள். தையல் போட்டிருந்ததால் என்னை மறுநாள்தான் கொண்டுபோனார்கள்.

குறைப்பிரசவப் பிள்ளைகளும் நோயுள்ள பிள்ளைகளும் இருக்கிற அந்தக் கண்ணாடி அறைக்குள் கைகால் கழுவி, கவுன் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். பிள்ளைக்கு இன்னும் பெயர் கிடையாது, 'கலைச்செல்வி பேபி' என்று என் பெயரில்தான் கூப்பிடுவார்கள். மூக்கில் டியூப், கையில் ஊசி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் இரண்டு காலையும் சைக்கிள் மிதிப்பது போல ஆட்டினான், உதட்டைச் சப்புக்கொட்டினான். எனக்கு உயிர் வந்தது. பக்கத்தில் நின்ற குன்றத்தூர்க்காரப் பெண்ணிடம், "பாரேன், எப்படி வெளாடுறான்" என்றேன். அவளும் சிரித்தாள். நர்ஸ் ஓடி வந்து ஊசி போட்டாள். அது விளையாட்டு இல்லை, வலிப்பு. பச்சைப் பிள்ளைக்கு வலிப்பு பெரியவர்களுக்கு மாதிரி வெட்டி இழுக்காதாம், இப்படித்தான் கால் மிதிக்கும், வாய் சப்பும், கண் ஒரே பக்கம் நிலைக்கும். நான் சிரித்துக்கொண்டு பார்த்தது அதைத்தான்.

குழந்தை டாக்டரம்மா என்னையும் அம்மாவையும் உட்கார வைத்துச் சொன்னார். பிறக்கிற நேரத்தில் மூளைக்குப் போக வேண்டிய ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்துபோயிருக்கிறது. அதனால் மூளை அடிபட்டிருக்கிறது. லேசாக அடிபட்ட பிள்ளைகள் தேறிவிடுவார்கள், பலமாக அடிபட்டவர்கள் பிழைப்பது கஷ்டம், உங்கள் பிள்ளை நடுவில் இருக்கிறான் என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்தக்கொதிப்பு இருந்ததா? சர்க்கரை? நீர்க்கடுப்பு? காய்ச்சல்? வலி வர ஊசி போட்டார்களா? கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததா? எவ்வளவு நேரம் வலி? பனிக்குடம் எப்போது உடைந்தது?

இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தேன். கடைசிக் கேள்விக்கு, "நர்சிங் ஹோம்லதாங்க" என்றேன். அம்மாவும், "ஆமாம்மா, அங்கதான்" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அந்தக் கேள்வி வந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு நாளாக ஒழுகியது எதுவென்று தெரிந்துவிட்டது. தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

பிள்ளை பெற்ற அம்மாக்கள் எல்லாருக்கும் மாடியில் ஒரு நீளமான ஹால். வேளாவேளைக்குப் பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டு போக வேண்டும், டியூப் வழியாகக் கொடுப்பார்கள். எனக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகக் கிடந்தது. குன்றத்தூர்க்காரி வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். என் தலை சிக்குப் பிடித்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே உட்கார வைத்து வாரிப் பின்னிவிட்டாள். "இன்னாத்துக்கு இப்பிடி கல்லு மாதிரி குந்திகினு கீற? அழுதுடு" என்றாள். அவளிடம்கூடச் சொல்லவில்லை. அழவும் இல்லை. அழுதால் எல்லாம் வாய்வழியாக வந்துவிடும் என்று பயம்.

அவர் தினம் ஷிஃப்ட் முடித்து, பஸ் மாறி மாறி வருவார். ஆண்களை மாடிக்கு விட மாட்டார்கள். பார்வை நேரத்தில் படிக்கட்டில் நின்று பேசுவோம். டீயும் பன்னும் வாங்கிவந்து, நான் முழுதும் தின்கிறேனா என்று பார்த்துக்கொண்டே நிற்பார். வெளியே எடுத்த ஸ்கேனுக்கு அவர் கழுத்துச் செயின் போயிருந்தது. நான் கவனிக்காத மாதிரி காலரை மேலே இழுத்துவிட்டுக்கொள்வார். இப்படிப்பட்ட மனுஷனிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வலிப்பு அடங்கவில்லை. பிள்ளையின் உடம்பு ஒருநேரம் சில்லிட்டது, ஒருநேரம் சுட்டது. வயிறு உப்பியது. டாக்டரம்மா மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கு அம்மா சாப்பாடு எடுத்துவர ஊருக்குப் போயிருந்தாள்.

"மூச்சுத் திணறல் மட்டும்னா வலிப்பு இந்நேரம் குறையணும். கிருமியும் சேர்ந்திருக்கோன்னு சந்தேகமா இருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லும்மா, தண்ணி முன்னாடியே உடைஞ்சுதா? முன்னாடியே உடைஞ்சிருந்தா கிருமி உள்ள ஏறியிருக்கும். நான் குடுக்கிற மருந்தே வேற."

மருந்தே வேறு என்றதும் எனக்கு வேறு வழி இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "ரெண்டு நாளா ஒழுகிச்சுங்க. நான் அது... ஒண்ணுக்குன்னு நெனச்சிட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "அடக்கிப் பார்த்தியா? ஒண்ணுக்குன்னா கொஞ்சமாவது அடக்க முடியும். பனிக்குடத் தண்ணிய அடக்கவே முடியாது, வாடையும் வேற" என்றார்.

"எனக்கு எதையுமே அடக்க முடியாதுங்க. ரொம்ப நாளா."

அப்புறம்தான் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். எங்கே வேலை என்று கேட்டார். அட்டையைப் பற்றிச் சொன்னேன், தண்ணீர் குடிக்காததைச் சொன்னேன், பாதியில் விட்ட மாத்திரையைச் சொன்னேன், காய்ச்சலையும் சொன்னேன். ஒன்றை இழுத்ததும் எல்லாம் வந்துவிட்டது. "அவருக்குச் சொல்லிடாதீங்க" என்று முடித்தேன். டாக்டரம்மா எழுந்து போய் நர்ஸைக் கூப்பிட்டார். பிள்ளையைச் சுருட்டிப் பிடித்து, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், மருந்தை மாற்றினார்கள். கதவுக்கு வெளியே நின்று அவன் முனகலைக் கேட்டேன். முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே அந்த மருந்து ஏறியிருக்கும். இதை யார் மேல் போடுவது?

அன்று மாலை அவர் வந்தபோது கண் சிவந்திருந்தது.

"ஞாயித்துக்கிழம லைன்ல இருந்து பத்துப் பேரு வாரானுக" என்றார். "அந்த நர்சிங் ஹோமுக்குப் போறோம். அந்த நர்ஸம்மா என்ன செஞ்சு என் பிள்ளைய இப்பிடி ஆக்குச்சுன்னு கேக்காம விட மாட்டேன். ஒரு கண்ணாடி மிஞ்சாது, பாத்துக்கிடு."

"அவங்க இன்னாங்க பண்ணாங்க? அவங்கதான் மூச்சு குடுத்தாங்க."

"ஒனக்குத் தெரியாது. தண்ணி பச்சயா வார வரைக்கும் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாக? எவ தப்பு பண்ணாளோ அவ பதில் சொல்லணும்ல?"

படிக்கட்டில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நர்ஸம்மாவின் கைகள் என் கண்ணுக்குள் வந்தன. விரல் நோகப் பிசைந்த கைகள். பத்து ஆண்கள் போய் அவரைச் சுற்றி நின்று கேவலமாகப் பேசுவார்கள். நான் மேலே ஹாலில் நல்லவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

"நான்தாங்க பதில் சொல்லணும்" என்றேன்.

சொன்னேன். ஒண்ணுக்கு என்ற வார்த்தையை அவரிடம் நான் சொன்னதே கிடையாது. 'அது', 'அது' என்றே சொல்லிக்கொண்டு போனேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எம்புட்டு நாளா?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து."

"நீ அட்ட கேட்டதே இல்லயே" என்றார், ரொம்ப மெதுவாக.

"கேட்டா நீங்க இன்னா சொல்லுவீங்கன்னு தெரியுங்க. தெனம் கேட்டுக்கினுதான இருந்தேன், மத்தவங்கள நீங்க சொல்றத."

அவர் டம்ளரைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போய்விட்டார். அடுத்த நாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஒரு ரூபாய் போன் அருகே நிற்பேன், நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன். என்னை விட்டுவிட்டார் என்றே முடிவு கட்டினேன். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றும் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா வந்து, நர்சிங் ஹோம் பக்கம் யாரும் போகவில்லை என்றாள். அது ஒன்றுதான் ஆறுதல்.

மருந்து மாற்றியதில் வலிப்பு அடங்கியிருந்தது. திங்கட்கிழமை காலையில் டாக்டரம்மா தன் சுண்டுவிரலைக் கழுவி, பிள்ளை வாயில் வைத்துப் பார்த்தார். அவன் விரலை இழுத்தான். "வாம்மா, போட்டுப் பாரு" என்றார். மார்பில் வைத்தேன். முதலில் சும்மா கிடந்தான். பிறகு ஒரு இழுப்பு, ஒரு ஓய்வு, இன்னொரு இழுப்பு. அடிபட்ட மூளைக்குச் சப்பவும் விழுங்கவும் மூச்சுவிடவும் மூன்றையும் சேர்த்துச் செய்வது பெரிய வேலையாம். அவன் செய்தான். இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. டியூப் கழற்றிய மூக்கின் மேல் என் கண்ணீர் விழுந்து, அவன் தும்மினான். கண்ணாடிக்கு வெளியே என் புருஷன் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், யார் உள்ளே விட்டார்கள் என்று தெரியாது. முகம் வீங்கியிருந்தது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரம்மாவிடம், "எல்லாம் என்னாலதானுங்களா?" என்று கேட்டேன். தண்ணீர் முன்கூட்டியே உடைவது, அதனால் கிருமி ஏறுவது, தாய்க்குக் காய்ச்சல், உள்ளே மலம் கலப்பது, இதெல்லாம் ஆபத்தைக் கூட்டும், ஆனால் எதனால் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, இதில் ஒன்றுமே இல்லாத தாய்க்கும் இப்படிப் பிறப்பதுண்டு என்றார். நான் ஆறுதலடைய வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆறுதலடையவில்லை. மகன் தாமதமாகத்தான் உட்கார்ந்தான், இரண்டு வயது தாண்டித்தான் நடந்தான். வலது காலில் நுனிவிரலை ஊன்றுகிறான். பேச்சு கொஞ்சம்தான். ஆனால் நான் கோபப்பட்டால் அவன் கண்டுபிடித்துவிடுவான், வந்து என் மோவாயைப் பிடித்து ஆட்டுவான்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு என் புருஷன் அந்த விஷயத்தை மறுபடி எடுக்கவே இல்லை. பென்னலூருக்கு வந்து பிள்ளையைத் தூக்குவார், வைப்பார், போவார். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட என் முகத்தைப் பார்க்க மாட்டார். அருவருப்பு என்றே நினைத்தேன். நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இப்படியே ஒரு மாதம் போனது.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தார். வந்ததும் பிள்ளையைத் தூக்காமல் என் எதிரே உட்கார்ந்தார்.

"என்னைய லீடர் வேலையில இருந்து எறக்கிட்டானுக" என்றார். "நாளையில இருந்து ஸ்டோர்ஸ்ல பெட்டி தூக்கணும்."

"இன்னாங்க ஆச்சு?"

"ஒரு வாரமா லைன் நின்னுக்கிட்டே இருந்துச்சு. கேட்டவுகளுக்கெல்லாம் அட்ட குடுத்தேன். அட்ட இல்லன்னாலும் போகச் சொல்லிட்டேன். இன்னைக்கு மேனேஜர் வந்து எல்லாரு முன்னாடியும் கேட்டாரு, லைன் என்னத்துக்கு நிக்குதுன்னு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். காது நுனிவரை சிவந்துவிட்டது.

"பொம்பளப் பிள்ளைக மூத்திரம் பெய்யப் போயிருக்காகன்னு சொன்னேன்."